ஜெர்மன் மொழி ஓபரெட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபரெட்டா என்பது என்ன? ஓபராவின் எளிய வடிவமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓபராவில் பெரும்பாலும் கதை முழுவதும் பாட்டாகவே நகரும். ஓபரெட்டாவில் பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், நையாண்டி செய்வார்கள். உணர்ச்சி பொங்கும்போதோ கூத்து முற்றும்போதோ பாட்டு வரும், பாட்டோடு ஆட்டமும் வரும். மேடையில் இருப்பவருக்கு நல்ல குரல் வேண்டும், வசனத்தைச் சரியான நொடியில் போடத் தெரிய வேண்டும், வால்ட்ஸும் ஆடத் தெரிய வேண்டும். மூன்றும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். நல்ல ஓபரா பாடகர்கள் பலர் ஓபரெட்டாவில் தடுமாறுவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வேறுபாடு பணம். ஓபரா அரசவையின் ஆதரவில் வளர்ந்தது. ஓபரெட்டா டிக்கெட் விற்றுப் பிழைத்த தனியார் அரங்குகளின் பிள்ளை. கூட்டம் வராவிட்டால் அடுத்த வாரமே வேறு நாடகம். அதனால் அன்றைய ஊர்ப்பேச்சு, பங்குச் சந்தை, புது நடனம், புது மோஸ்தர் எல்லாம் உடனுக்குடன் மேடைக்கு வந்துவிடும்.

அப்படியானால் ம்யூசிக்கலுக்கும் (பிராட்வே பாணி இசை நாடகம்) இதற்கும் என்ன வேறுபாடு?

கறாரான எல்லைக்கோடு இல்லை. பொதுவாக, ஓபரெட்டாவின் முதன்மைப் பாத்திரங்களுக்கு ஓபராவில் பயின்ற குரல் தேவை. மைக் இல்லாமல் முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். பிற்கால ம்யூசிக்கல் மைக்கை நம்பி எழுதப்பட்டது, பேச்சுக்கு நெருக்கமான குரல் அதற்குப் போதும். ஆனால் 1930 வாக்கில் பெர்லினில் எழுதப்பட்ட படைப்புகளை எடுத்துக்கொண்டால் எது ஓபரெட்டா, எது ம்யூசிக்கல் என்று பிரிக்கவே முடியாது.

இது பாரிஸில் பிறந்ததுதானே? வியன்னா எங்கே வந்தது?

ஆமாம், பாரிஸ்தான் தொடக்கம். அங்கே இதைப் பெரிதாக்கியவர் ஜாக் ஓஃபன்பாக். அவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1819-இல் பிறந்தவர். 1855-இல் பாரிஸில் சொந்த அரங்கு தொடங்கினார். அவருடைய 'நரகத்தில் ஓர்ஃபியஸ்' 1858-இல் வந்தது. இரண்டே ஆண்டுகளில் வியன்னா மேடையில் ஜெர்மன் மொழியில் ஏறியது. அதில் ஜூப்பிட்டராக நடித்தவர் யோஹான் நெஸ்ட்ராய், வியன்னா நகைச்சுவை நாடகத்தின் பெரும்புள்ளி. பாட்டும் நையாண்டியும் கலந்த நாடக மரபு வியன்னாவில் ஏற்கெனவே வேரூன்றி இருந்ததால் ஓஃபன்பாக்கின் பாணி அங்கே உடனே ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு முறையும் பாரிஸிலிருந்து வாங்கிப் போடுவதைவிட நாமே எழுதலாமே என்று வியன்னா அரங்குகளுக்குத் தோன்றியது. 1860-இல் ஃப்ரான்ஸ் ஃபோன் ஸுப்பே எழுதிய 'டாஸ் பென்ஷனாட்' தியேட்டர் ஆன் டேர் வீன் என்ற வியன்னா அரங்கில் அரங்கேறியது. முதல் வியன்னா ஓபரெட்டா என்று இதைத்தான் சொல்வார்கள்.

'வௌவால்' என்ற ஒரே படைப்பை எல்லோரும் இவ்வளவு கொண்டாடுவது ஏன்?

கொண்டாடத் தகுந்தது, அதனால்தான். 'டீ ஃப்ளெடர்மவுஸ்' 1874 ஏப்ரல் 5 அன்று தியேட்டர் ஆன் டேர் வீனில் அரங்கேறியது. இசை இளைய யோஹான் ஸ்ட்ராவுஸ். 'நீல டான்யூப்' வால்ட்ஸை எழுதிய அதே ஸ்ட்ராவுஸ்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முந்தைய வருடம் மே மாதம் வியன்னாவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. தொடங்கிய சில நாள்களிலேயே பங்குச் சந்தை விழுந்தது. நேற்று வரை கோடீஸ்வரர், இன்று கடன்காரர். அந்த ஊருக்குத்தான் இந்தக் கதை வருகிறது. அரசு ஊழியரை ஏசியதற்காக ஐசன்ஸ்டைன் என்பவருக்குச் சிறைத்தண்டனை. அன்றிரவே உள்ளே போக வேண்டும். நண்பர் ஃபால்கே வந்து, முதலில் ஒரு விருந்துக்குப் போவோம், விடிந்ததும் சிறைக்குப் போகலாம் என்று இழுத்துப் போகிறார். ஃபால்கேவுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: முன்பு ஒரு மாறுவேட விருந்து முடிந்து, குடிபோதையில் வௌவால் வேடத்தோடு கிடந்த அவரை ஐசன்ஸ்டைன் அப்படியே விட்டுவிட்டுப் போனார், விடிந்ததும் ஊரே பார்த்துச் சிரித்தது.

இளவரசர் ஓர்லோஃப்ஸ்கியின் விருந்தில் எல்லோருமே பொய். ஐசன்ஸ்டைன் பிரெஞ்சுப் பிரபுவாம். வீட்டு வேலைக்காரி அடேலெ நடிகையாம், முதலாளியம்மாவின் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சிறை அதிகாரியும் இன்னொரு பிரெஞ்சுப் பிரபு. முகமூடி போட்ட ஹங்கேரியச் சீமாட்டி ஒருத்தி வருகிறாள்; ஐசன்ஸ்டைன் மயங்கிப் போய்த் தன் மணியடிக்கும் சட்டைப்பைக் கடிகாரத்தைக் காட்டி அவளை வளைக்கப் பார்க்கிறார். அவள் அவருடைய மனைவி ரோசலிண்டே. கடிகாரத்தைச் சாமர்த்தியமாக அபகரித்து வைத்துக்கொள்கிறாள், நாளைய சாட்சிக்கு.

இந்த விருந்துக் காட்சியில் ஓர் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஷாம்பெயின் ஏறிய நிலையில், இனி நாமெல்லாம் அண்ணன் தங்கை, மரியாதைப் பேச்செல்லாம் வேண்டாம் என்று ஒருவர் தொடங்க, மெதுவான, தாலாட்டு மாதிரியான ஒரு கூட்டுப்பாட்டு எழுகிறது. அத்தனை பேரும் பொய்ப் பெயரில் நிற்கிறார்கள், அத்தனை பேரும் என்றென்றைக்குமான அன்பைச் சத்தியம் செய்கிறார்கள். ஸ்ட்ராவுஸ் இதற்குக் கேலியாக இசை போடவில்லை. நெஞ்சைத் தொடும்படி, முழு மனதோடு போட்டிருக்கிறார். பிறகு கடிகாரம் ஆறு அடிக்கிறது. சிறைக்குப் போக வேண்டியவரும் சிறையைத் திறக்க வேண்டியவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மூன்றாவது அங்கத்தில் வரும் சிறைக்காவலன் ஃப்ரோஷுக்குப் பாட்டே கிடையாது, வசனம் மட்டும்தான். ஊரின் சிறந்த நகைச்சுவை நடிகருக்கு அந்த வேடம் போகும். அன்றைய செய்தித்தாளில் வந்த அரசியலை வைத்துச் சொந்தமாகப் பேசிக்கொள்ளலாம். 150 ஆண்டுப் பழைய நாடகம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

பொற்காலம், வெள்ளிக்காலம் என்று பிரிக்கிறார்களே?

ஸுப்பே, ஸ்ட்ராவுஸ், 'பிச்சைக்கார மாணவன்' (1882) எழுதிய கார்ல் மில்லெக்கர், 'பறவை வியாபாரி' (1891) எழுதிய கார்ல் ட்செல்லர் ஆகியோரின் காலம் பொற்காலம். ஸ்ட்ராவுஸ் 1899-இல் இறந்தார். அதன்பின் ஃப்ரான்ஸ் லேஹார், ஆஸ்கர் ஸ்ட்ராவுஸ் (யோஹானுக்கு உறவில்லை), லியோ ஃபால், எமரிஹ் கால்மான் ஆகியோர் வந்தது வெள்ளிக்காலம். பெயரைக் கேட்டு இரண்டாவது தரம் குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உலகமெங்கும் ஓடியது இந்த 'வெள்ளி'தான்.

'குதூகல விதவை'யில் அப்படி என்ன இருக்கிறது?

லேஹாரின் 'டீ லுஸ்டிகெ விட்வெ' 1905 டிசம்பர் 30 அன்று, அதே தியேட்டர் ஆன் டேர் வீனில் அரங்கேறியது. லேஹார் ராணுவ பேண்டு நடத்துனராக இருந்தவர், தந்தையும் அதே தொழில். இரண்டே ஆண்டுகளில் இது லண்டன், நியூயார்க் மேடைகளைப் பிடித்தது. லண்டனில் 778 காட்சிகள் ஓடியது. கதாநாயகி போட்ட அகலமான தொப்பி ஒரு மோஸ்தராகவே பரவியது.

கதை இது. பொன்டெவெட்ரோ என்ற குட்டி நாடு திவாலாகும் நிலையில் இருக்கிறது. அந்நாட்டுப் பணக்கார விதவை ஹன்னா கிளவாரி பாரிஸில் இருக்கிறாள். கையில் 2 கோடி. அவள் ஒரு வெளிநாட்டவனைக் கட்டிக்கொண்டால் பணம் போய்விடும், நாடும் போய்விடும். அவளை மணந்துகொள்ளும்படி தூதரகத்தில் இருக்கும் டானிலோவுக்கு உத்தரவு. இருவரும் முன்பு காதலித்தவர்கள். அன்று அவள் ஏழை என்று அவன் குடும்பம் மறுத்துவிட்டது. இப்போது அவன் "காதலிக்கிறேன்" என்று சொன்னால் பணத்துக்காகச் சொன்னதாகிவிடும். ஆகவே சொல்லவே மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறான்.

வாயைத் திறக்க மறுக்கும் ஒருவனை வைத்துப் பாட்டு நாடகம் எழுதுவது எப்படி? இரண்டாம் அங்கத்தில் இருவரும் வால்ட்ஸ் ஆடுகிறார்கள். வயலின்களில் அந்த மெட்டு தொடங்குகிறது. வார்த்தை இல்லை, முணுமுணுப்பு மட்டும்தான். அவன் சொல்ல மறுத்த அத்தனையையும் இசைக்குழு சொல்லிவிடுகிறது. மூன்றாம் அங்கத்தில்தான் அந்த மெட்டுக்கு வார்த்தை வருகிறது; உதடுகள் மௌனம், வயலின்கள் கிசுகிசுக்கின்றன என்று பாட்டே அதை ஒப்புக்கொள்கிறது. அதற்குள் மெட்டு நமக்கு மனப்பாடம். வால்ட்ஸை இங்கே அலங்காரத்துக்காக வைக்கவில்லை. கதையே அதன் மேல்தான் நிற்கிறது. லேஹாரை மேலோட்டமானவர் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை நிதானமாகக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். வியன்னாவின் கடுமையான விமர்சகர் கார்ல் க்ராவுஸுக்கு ஓஃபன்பாக்கைப் பிடிக்கும், லேஹாரைக் கண்டாலே ஆகாது. க்ராவுஸின் கூர்மையை மதிக்கிறேன். இந்த விஷயத்தில் அவர் பக்கம் போக என்னால் முடியவில்லை.

எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறதே?

அச்சு ஒன்றுதான், மறுக்கவில்லை. உயர்குரல் நாயகன் நாயகி ஒரு ஜோடி, அவர்களுக்குத் துணையாகச் சிரிக்க வைக்கும் இளைய ஜோடி ஒன்று. முதல் அங்கத்தில் சந்திப்பு, இரண்டாம் அங்கத்தின் முடிவில் பெரிய முறிவு, மூன்றாவதில் சமாதானம். மூன்றாவது அங்கம் பல நாடகங்களில் சொதப்பலாகவே இருக்கும்.

ஆனால் அச்சுக்குள் என்ன ஊற்றுகிறார்கள் என்பதுதான் விஷயம். கால்மானின் 'சார்டாஸ் இளவரசி' (சார்டாஸ் ஒரு ஹங்கேரிய நடனம்) 1915 நவம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வியன்னாவில் வந்தது. புடாபெஸ்ட் கேளிக்கை அரங்குப் பாடகி சில்வாவை ஓர் இளவரசன் காதலிக்கிறான். பாடகியை மருமகளாக ஏற்க முடியாது என்கிறது குடும்பம். கடைசியில் தெரியவருகிறது, குலப்பெருமை பேசிய இளவரசனின் தாயே ஒரு காலத்தில் கேளிக்கை அரங்கில் பாடியவள்தான். இளைஞர்கள் போர்முனையில் செத்துக்கொண்டிருக்கும்போது, அவர்களை அனுப்பிய பிரபு குலத்தின் பெருமையை மேடையில் இப்படி உடைக்கிறார்கள். பாட்டுகள் ஆரவாரமாக இருக்கின்றன. அடியில் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரஷ்யாவில் இது 'சில்வா' என்ற பெயரில் இன்றும் பிரபலம்.

சோகமாக முடிகிற ஓபரெட்டா உண்டா?

உண்டு. 1920-களில் லேஹார் அந்தப் பாதைக்குத் திரும்பினார். ரிச்சர்ட் டவுபர் என்ற அற்புதமான டெனர் (உச்ச ஆண்குரல்) பாடகருக்காகவே பாட்டுகள் எழுதினார். 1929-இல் பெர்லினில் அரங்கேறிய 'புன்னகை தேசம்' அதில் உச்சம். வியன்னாப் பெண் லிசா, சீன இளவரசன் சூ சாங் இருவரின் மணவாழ்க்கை முறிகிறது, அவள் போய்விடுகிறாள், அவன் தனியாக நிற்கிறான். 'என் இதயம் முழுதும் உனதே' என்ற பாட்டு இதில்தான். 1934-இல் 'ஜுடிட்டா'வை வியன்னா அரசு ஓபராவிலேயே அரங்கேற்றினார். எனக்கு 'ஜுடிட்டா'வின் பாட்டுகள் பிடிக்கும். நாடகமாக அது ஓபராவாக ஆசைப்பட்டுக் கனத்துப்போய்விட்டது.

பெர்லினின் பங்கு என்ன?

வியன்னா வால்ட்ஸ் என்றால் பெர்லின் அணிவகுப்பு மெட்டு, பிறகு ஜாஸ். பவுல் லிங்கேயின் 'ஃப்ராவ் லூனா' 1899-இல் பலூனில் ஏறி நிலவுக்குப் போகும் கதை. 1920-களில் பெர்லின்தான் ஜெர்மன் மொழிப் பொழுதுபோக்கின் தலைநகரம். 1930 நவம்பரில் இயக்குநர் எரிக் ஷரெல், க்ரோஸஸ் ஷவுஷ்பீல்ஹவுஸ் என்ற பிரமாண்ட அரங்கில் 'வெள்ளைக் குதிரை விடுதி'யைப் போட்டார். முக்கிய இசையமைப்பாளர் ரால்ஃப் பெனாட்ஸ்கி. ராபர்ட் ஸ்டோல்ஸ் உட்பட வேறு சிலரும் பாட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்திரிய ஏரிக்கரை விடுதி, முதலாளியம்மாவைக் காதலிக்கும் தலைமைப் பரிசாரகன், நடுவில் சக்கரவர்த்தியே விருந்தாளியாக வருகிறார். வழக்கமான இசைக்குழுவோடு ஜாஸ் குழுவும் ஸிதர் வாத்தியமும் சேர்ந்து ஒலித்தன.

பவுல் ஆபிரகாம் இன்னும் துணிச்சலானவர். அவருடைய 'சவோய் விருந்து' 1932 டிசம்பரில் அதே அரங்கில் வந்தது. தேதியைப் பாருங்கள். அடுத்த மாதம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

நாஜி ஆட்சியில் ஓபரெட்டாவுக்கு என்ன ஆனது?

இந்தக் கலையை நேசிக்கிறவர்கள் தவிர்க்கக் கூடாத கேள்வி இது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், வசனகர்த்தாக்கள், இயக்குநர்கள், நடிகர்களில் பெரும்பங்கினர் யூதர்கள். அவர்களுடைய படைப்புகள் தடைசெய்யப்பட்டன. கால்மான் அமெரிக்காவுக்குப் போனார். ஆபிரகாம் புடாபெஸ்ட், பாரிஸ், கியூபா வழியாக நியூயார்க் சேர்ந்து, மனநலம் குலைந்து ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். 1956-இல் ஜெர்மனி திரும்பி 1960-இல் ஹாம்பர்கில் இறந்தார். ஷரெலும் டவுபரும் நாட்டைவிட்டுப் போனார்கள்.

தப்பாதவர்களும் உண்டு. 'டாலர் இளவரசி'யின் வசனத்தை எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் க்ரூன்பவும் 1941-இல் டாகவ் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார். 'சார்டாஸ் இளவரசி'யை எழுதியவர்களில் ஒருவரான பேலா யென்பாக், வியன்னாவில் பதுங்கியிருந்த நிலையில் 1943-இல் இறந்தார்.

ஃப்ரிட்ஸ் லெஹ்னர் பேடாவின் கதையைச் சொல்லாமல் 'புன்னகை தேசம்' பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நாடகத்தின் பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவர் அவர். 1938-இல் கைதானார், முதலில் டாகவ், பிறகு புகென்வால்ட் வதைமுகாம். அங்கே கைதிகள் பாட ஒரு முகாம் பாட்டு எழுதச் சொன்னபோது அதை எழுதியவர் அவர்தான். மெட்டுப் போட்டவர் இன்னொரு கைதியான ஹெர்மான் லியோபோல்டி. என்றாவது விடுதலை ஆவோம் என்று அந்தப் பாட்டில் எழுதி வைத்தார். 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸின் மோனோவிட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அதே காலத்தில் 'குதூகல விதவை' ஹிட்லருக்கு மிகவும் பிடித்த நாடகமாக இருந்தது. லேஹார் தம் யூத மனைவியோடு பாதுகாப்பாக இருந்தார், 1940-இல் கோதே பதக்கமும் பெற்றார்.

யோஹான் ஸ்ட்ராவுஸின் கொள்ளுத்தாத்தா யூதராகப் பிறந்து மதம் மாறியவர் என்பது தேவாலயத் திருமணப் பதிவேட்டில் இருந்தது. நாஜிகள் அந்தப் பதிவேட்டைக் கைப்பற்றி, அந்த வரி இல்லாத போலி நகலை வைத்தார்கள். 'நீல டான்யூப்' அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்று இது 'தாத்தா பாட்டி காலத்துச் சரக்கு' என்று பெயர் வாங்கியதா?

பெருமளவு அதனால்தான் என்பது என் கருத்து. எழுதியவர்கள் இல்லை, கூர்மையாக நடித்தவர்கள் இல்லை. போருக்குப் பின் மறக்க விரும்பிய ஊர்களுக்கு இனிப்பான ஒன்று வேண்டியிருந்தது. ஜாஸை எடுத்துவிட்டு வயலின்களைக் குவித்தார்கள், காமமும் கேலியும் கலந்த வசனத்தை மழுக்கினார்கள். அந்தப் பதிப்புகளே சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பதிந்துபோயின.

மாற்றம் இப்போது நடக்கிறது. 'வெள்ளைக் குதிரை விடுதி'யின் பழைய இசைத்தாள்கள் ஸாக்ரெப்பில் கிடைத்து, 2009-இல் டிரெஸ்டனில் அசல் ஒலியோடு மேடையேறியது. பெர்லினின் கோமிஷே ஓபர் என்ற ஓபரா அரங்கின் தலைவராக இருந்த பாரி காஸ்கி 2013-இல் 'சவோய் விருந்து'க்கு மறுவாழ்வு கொடுத்தார்.

ஜிப்ஸி, சீனர் போன்றோரைச் சித்திரிக்கும் விதம் உறுத்தவில்லையா?

உறுத்துகிறது, உறுத்த வேண்டும். 'ஜிப்ஸி பிரபு'வில் (1885) ஜிப்ஸி என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் மேடை அலங்காரம் போல வருகிறார்கள். 'புன்னகை தேச'த்தின் சீனா ஐரோப்பியர் கற்பனையில் பிறந்த சீனா. மேடையிலிருந்து விலக்கிவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. வசனம் எப்படியும் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறுகிற கலை இது. அறிவுள்ள இயக்குநர் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 'குதூகல விதவை' 1907-இல் நியூயார்க்கில் வந்ததும் வியன்னா நாடகங்களை இறக்குமதி செய்ய அங்கே போட்டி நடந்தது. ப்ராகில் பிறந்த ருடால்ஃப் ஃப்ரிம்ல், ஹங்கேரியில் பிறந்து வியன்னாவில் பெற்ற பயிற்சியோடு போன சிக்மண்ட் ராம்பர்க் இருவரும் அமெரிக்க ஓபரெட்டாவின் தூண்கள். ராம்பர்கின் 'மாணவ இளவரசன்' 1924-இல் வந்தது. கதை நடப்பது ஹைடல்பெர்கில். பாட்டு கதையைத் தாங்க வேண்டும் என்ற பாடத்தை அடுத்த தலைமுறை இங்கேதான் படித்தது.

ஜெர்மன் தெரியாமல் ரசிக்க முடியுமா? எதில் தொடங்கலாம்?

முடியும். கதைச் சுருக்கத்தை முதலில் படித்துவிடுங்கள், சப்டைட்டில் இருக்கும் காணொளியாகப் பாருங்கள். இந்தக் கலையில் பாதி நடிப்பு என்பதால் ஒலியை மட்டும் கேட்டால் சுவை குறையும்.

'வௌவால்' முதலில். இசைக்குழு நடத்துனர் கார்லோஸ் க்ளைபர் நடத்திய 1970-களின் ஒலிப்பதிவும், ம்யூனிக் மேடையில் 1980-களில் எடுக்கப்பட்ட காணொளியும் கிடைக்கின்றன. காணொளியில் முன்னிசைக்கு அவர் கை அசைவதைப் பாருங்கள், வால்ட்ஸின் இரண்டாவது தட்டு எப்படி ஒரு மயிரிழை முந்தி விழுகிறது என்று புரியும். அடுத்து 'குதூகல விதவை': எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாடிய 1953 ஒலிப்பதிவு பழையதுதான், இன்றும் நிற்கிறது. மூன்றாவதாகக் கால்மானின் 'சார்டாஸ் இளவரசி'. பிறகு டவுபரின் பழைய பதிவுகள். பெர்லின் பக்கம் கடைசியாகப் போங்கள், அப்போதுதான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

வியன்னாவில் ஃபோல்க்ஸ்ஓபர் இதற்கான முதன்மை வீடு, 1898-இல் தொடங்கியது. டிசம்பர் 31 இரவு வியன்னா அரசு ஓபராவில் 'வௌவால்' போடுவது மரபு. டிக்கெட் விலை மிக அதிகம், மலிவான நின்று பார்க்கும் இடங்களும் உண்டு. ஜெர்மனியில் ம்யூனிக்கின் கெர்ட்னர்பிளாட்ஸ் அரங்கு, டிரெஸ்டனின் ஸ்டாட்ஸ்ஓபரெட்டெ, லைப்ஸிக்கின் முஸிகாலிஷே கொமீடியே மூன்றிலும் ஓபரெட்டா தொடர்ந்து நடக்கிறது. கோடையில் போகிறவர்களுக்கு, லேஹார் வீடு வைத்திருந்த பாட் இஷ்ல் ஊரில் அவர் பெயரிலேயே விழா நடக்கும். மேர்பிஷில் நாய்ஸீட்லர் ஏரியின் மேல் திறந்தவெளி மேடை இருக்கிறது. 1957 முதல் அங்கே விழா நடக்கிறது, அண்மைக் காலத்தில் ம்யூசிக்கல்களும் போடுகிறார்கள் என்பதால் அந்த ஆண்டின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஏரிக்கரையில் கொசு அதிகம், முழுக்கை உடை எடுத்துப் போவது நல்லது.